கீழத்தோப்பு மாசிலாமணி

"இதோட முடியோணும். சொல்லீட்டேன்."

"முடியும், அம்முணி."

"வருசா வருசம் இதேதான் சொல்றீங்க. கல்லுல அவர் பேரு இருந்தா பூவ வெச்சுக் கும்புட்டுட்டு வந்தர்லாம். இல்லாட்டியும் வந்தர்லாம். அதுக்கு மேல எந்தத் தோப்புக்கும் நான் வரமாட்டேன்."

"இருக்கும். கட்டாயமா இருக்கும்."

பேட்டரி வண்டி கொக்கரை மலையின் வளைவுகளில் சத்தமில்லாமல் ஏறியது. சம்யுக்தா சோற்றுத் தூக்குப்போசியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் கணவர் தரணிதரன், கையில் ஒரு டப்பா கடலைமிட்டாய். முன் இருக்கையில், ஓட்டுநருக்கு அருகே, மகன்.

இந்த மலை ராணுவத்தின் கையில் இருந்தவரை அடிவாரத்துக்காரர்களுக்கு அது வெறும் சத்தம்தான். விடிகாலையில் வெடிச்சத்தம் கேட்டால் "மேல ஆரம்பிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்ப்பார்கள். போர் முடிந்து, பயிற்சித் திடல் மூடப்பட்டு, இப்போது பூங்காவாக்கி விட்டார்கள். இங்கே பயிற்சி பெற்ற பழைய வீரர்களைக் குடும்பத்தோடு இன்று வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள். பதுங்குகுழிகளில் மண் நிரப்பிக் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். படுத்தபடி சுடப் பழகிய மேட்டில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: பாதையை விட்டு இறங்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் மண்ணில் இருக்கக்கூடும்.

"அம்மா, போர்டப் பாத்தியா?" மகன் திரும்பிச் சிரித்தான். "ஊஞ்சல் ஆடலாமாம். தாவிக் குதிக்க மட்டும் கூடாதாட்ட இருக்குது."

"கம்முனு வா."

அவன் பெயர் மாசிலாமணி. இந்தக் காலத்தில் யாரும் வைக்காத பெயர். பள்ளிக்கூடத்தில் அவனைத் 'தாத்தா' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வந்த கதையைச் சம்யுக்தா இரண்டு முறை கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் ரகசியக் குரலில்.

தரணிதரன் இந்த மலையில் பயிற்சியில் இருந்தபோது ஒரு மழை இரவு. பதுங்குகுழிக்கு இரண்டு பேராக உட்கார வைத்திருந்தார்கள். அவரோடு இருந்தவன் மாசிலாமணி, கீழத்தோப்புக்காரன். பையில் எப்போதும் கடலைமிட்டாய் வைத்திருப்பான். கடைசித் துண்டைக் கடித்து இரண்டாக்கி, பெரிய பாதியைத் தரணிக்குக் கொடுத்தான். மேலே போக வேண்டிய குண்டு ஒன்று தவறிக் குழிக்குள் விழுந்தது. அவன் தலை இவர் மடியில் இருந்தது. 'தரணி, எங்கம்மாகிட்டச் சொல்லு, நான் பசியோட போகலன்னு.' அவ்வளவுதான்.

மறுநாள் மேலதிகாரி தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: நடந்ததை வெளியே விட்டால் விபத்து என்று எழுதிவிடுவார்கள், அவன் அம்மாவுக்கு வரவேண்டிய உதவி நின்றுவிடும், கூட இருப்பவர்களிடம்கூட மூச்சு விடாதே. ஒரு தாயின் சோற்றுக்காகத் தரணிதரன் வாயை மூடிக்கொண்டார். மனைவியிடம் மட்டும் சொன்னார். அதுவும் தலைப்பிள்ளை பிறந்து, பெயர் வைக்க வேண்டிய அவசியம் வந்தபோது.

தலைப்பிள்ளைக்கு அப்பாவுடைய அப்பா பெயர்தான். அவர்கள் வீட்டில் அது கேள்விக்கே வராத விஷயம். மாமனார் ராக்கியண்ணன் வெள்ளி அரைஞாண் செய்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தரணிதரன் குழந்தையின் காதில் மாசிலாமணி என்று சொன்னதும், பெரியவர் அரைஞாணை மறுபடி மடியில் முடிந்துகொண்டு எழுந்தார். "என்ற பேரு வாங்காத புள்ளைய நான் எதுக்குத் தூக்கோணும்?" சாகும்வரை தூக்கவில்லை.

அதற்குப் பிறகு தோப்புகள். கீழத்தோப்பு என்ற பெயரில் எங்கெல்லாம் ஊர் இருந்ததோ அங்கெல்லாம் போனார்கள். "ஊட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தோப்புன்னு பேரு இருந்தாப் போதும், லீவுக்கு அங்கதான்" என்று சம்யுக்தா தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிவகங்கைப் பக்கத்துக் கீழத்தோப்பில் டீக்கடைக்காரி, "மாசிலாமணிய விசாரிக்க வந்தீகளா? போன மாசங்கூட ஒருத்தர் வந்தாரே" என்றாள். உதவித்தொகை கொடுக்கிற அரசாங்க ஆளாக இருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டார்கள். அந்த டீக்கடையில் நிற்கும்போதுதான் போன் வந்தது. தரணிதரனின் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டாள்.

"எறங்குங்க. கல்லு இங்கிருந்து நடக்கற தூரந்தான்" என்றார் ஓட்டுநர்.

கறுப்புக் கற்கள் மலைச்சரிவில் படிப்படியாக நின்றன. போரில் மாண்டவர்கள், அகர வரிசையில். தரணிதரன் 'மா' இருக்கும் கல்லுக்கு நேராகப் போனார். மாணிக்கவேல், மாதேஷ், மாரிச்செல்வன், மாலிக். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி கீழிருந்து மேலே போனார்.

"இல்லீங்களா?"

"இது போர்ல போனவங்களுக்கு. பயிற்சியில போனவனுக்கு வேற கல்லு வெச்சிருப்பாங்க."

"ஏனுங்க..."

"குழியப் பாக்கலாம் வா. அது எனக்குத் தெரியும். கெடா படுத்திருக்கறாப்பல ஒரு பாறை."

பாறை அப்படியே இருந்தது. அதன் அடியிலிருந்த குழியிலும் கனகாம்பரம் பூத்திருந்தது. செடிகளுக்கு நடுவே, பாறையை ஒட்டி, கடலைமிட்டாய்கள் வைக்கப்பட்டிருந்தன. சில காகிதத்தோடு. சிலவற்றில் எறும்பு மொய்த்திருந்தது.

தரணிதரன் நின்றுவிட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அம்முணி! அவங்கம்மா வந்திருக்காங்க! வேற யாருக்குத் தெரியும் இது? இங்கதான் எங்கியோ இருப்பாங்க, பாரு, பாரு."

கல்யாணத்தன்றுகூட இந்த முகத்தைச் சம்யுக்தா பார்த்ததில்லை. வேறெங்காவது பார்க்க வேண்டும் என்று பார்வையைத் திருப்பியவள், மகன் பாதையிலிருந்து இறங்கிப் புல்லில் நடப்பதைக் கண்டாள்.

"மாசிலாமணி! பாதைக்கு ஏறு!"

புல்லில் நின்ற மகன் கையைத் தூக்கினான். மேலே படிக்கட்டில் தாடி வைத்த ஓர் இளைஞன் திரும்பினான். "என்னையா?" என்றான். குடிநீர்க் குழாயடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவனும் நிமிர்ந்தான்.

தாடிக்காரனுக்குப் பின்னால் பருத்த உடம்போடு ஒருவர் வந்தார். அவர் கையிலும் கடலைமிட்டாய் டப்பா.

"தாயி, யாரக் கூப்ட்டிய?"

"என்ற பையனத்தானுங்க."

"அவனுக்கு யாரு வச்சா இந்தப் பேர?"

சம்யுக்தா கணவரைப் பார்த்தாள். கணவர் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பருத்தவர் திருநெல்வேலிக்காரர், பெயர் சாலமோன். குழாயடியில் நின்றவனின் அப்பாவும் வந்து சேர்ந்தார்; மதுரைக்காரர், அஜய்பாண்டி. மூவரும் பாறைக்கு முன்னால் முதலில் மரியாதையாகத்தான் பேசத் தொடங்கினார்கள்.

"நீங்க அவனோட ஒரே ஊருங்களா?" என்று கேட்டார் தரணிதரன்.

"இல்ல. நான் அவங்கூடக் குழிக்குள்ள இருந்தேன்லா."

"குழிக்குள்ள ரெண்டு பேருதானுங்களே. நானும் அவனும்."

"நானும் அவனுந்தான்னு நானும் சொல்லுதேன்."

"இருங்கய்யா, இருங்கய்யா. என்னங்கடா இது?" அஜய்பாண்டிக்கு மூச்சு வாங்கியது. "என் மடியில செத்தவன ஆளாளுக்குப் பங்கு போடுறீங்க? மிட்டாய ரெண்டாக் கடிச்சு எனக்குத்தான்யா தந்தான்!"

"பெரிய பாதிய?"

"ஆமா, பெரிய..."

தரணிதரன் பாறையில் கை ஊன்றிக்கொண்டார்.

பூங்காவின் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட ஒரு பெண் படிகளில் வேகமாக இறங்கி வந்தாள். ரெஜினா என்று பெயர் சொன்னாள். பழைய வீரர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட மனநல மருத்துவர்.

"மன்னிக்கணும். சாயங்காலம் எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு, பக்குவமாச் சொல்லணும்னுதான் வரச்சொன்னோம். இப்படித் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்."

"என்னத்தத் தெரிய வேண்டாம்?" என்றார் சாலமோன்.

"கொஞ்சம் உக்காருங்க."

"நின்னே கேக்கோம். சொல்லுங்க."

"மாசிலாமணின்னு யாரும் இருந்ததில்ல, சார்."

காற்றில் கனகாம்பரம் ஆடியது. அவளே தொடர்ந்தாள்.

"அந்த ராத்திரி நீங்க யாரும் மலைமேல இல்ல. கீழ கொட்டகையில தூங்கிட்டு இருந்தீங்க. தலையில ஒரு கவசம் மாட்டியிருப்பாங்க. காதுப் பரிசோதனைன்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமா," என்றார் அஜய்பாண்டி மெல்ல. "காதுக்குத்தான்னாய்ங்க."

"ஒரு நினைவை வெளியில செஞ்சு, தூங்கறவர் மூளையில பதிய வைக்க முடியும்னு அப்பக் கண்டுபிடிச்சிருந்தாங்க. நீங்க நேத்து சாப்பிட்டது எப்படி ஞாபகம் இருக்கோ, அப்படி. வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு அணிக்கும் இதே நினைவுதான்."

"என்ற கையில ரத்தம் பட்டுச்சும்மா," தரணிதரன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சூடா இருந்துச்சு."

"தெரியும், சார்."

"எதுக்கு? சும்மா கெடந்தவனுக்கு எதுக்கு இத வெக்கோணும்?"

"பக்கத்துல ஒரு சிநேகிதன் செத்ததப் பாத்தவன், அடுத்த தடவை குழிய விட்டு ஓடமாட்டான். அதான் அவங்க போட்ட கணக்கு."

சாலமோன் திரும்பி, சரிவில் வரிசையாக நின்ற கறுப்புக் கற்களைப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் வந்திருக்கு. எங்க அணியில ஒருத்தனும் ஓடலியே. பாதிப் பேரு அந்தா, கல்லுல இருக்கானுவ."

"அந்த அம்மா?" தரணிதரன் கேட்டார். "கீழத்தோப்பு?"

"ஊரும் சும்மா வச்ச பேருதான். எங்க வேணா இருக்கக்கூடிய பேரா. அவர் பேரும் அப்படித்தான், உங்க வயசுல யாருக்கும் இல்லாத பேரா இருக்கட்டும்னு பாத்து வச்சது. வேற ஒரு மாசிலாமணியப் பாத்து நீங்க குழம்பக்கூடாதுல்ல."

தாடிக்கார மாசிலாமணியும் குழாயடி மாசிலாமணியும் சம்யுக்தாவின் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்யுக்தாவின் மகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "உங்களையும் ஸ்கூல்ல தாத்தான்னுதான் கூப்ட்டாங்களா?" யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அப்ப 'எந்தங்கச்சி கல்யாணத்த முன்ன நின்னு நடத்து'ன்னானே, அது?" அஜய்பாண்டியின் குரல் உடைந்திருந்தது. "சாகும்போது என் சட்டையப் புடிச்சு இழுத்துச் சொன்னான். அதையும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"தங்கச்சியா?" சாலமோன் நிமிர்ந்தார். "அவனுக்கு ஏது தங்கச்சி? எங்கிட்ட அவங்கப்பனப் பத்தில்லா சொன்னான். 'எங்கப்பாகிட்டப் போயி, எனக்கு உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லு'ன்னு."

ரெஜினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ குழப்பம்.

"உங்ககிட்ட என்ன சொன்னார், சார்?" என்று தரணிதரனைக் கேட்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லச் சொன்னான். பசியோட போகலன்னு."

"நான் அந்தப் பதிவை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் பாத்திருக்கேன். குண்டு விழும். அவர் உங்க மடியில சாய்வார். அதோட முடிஞ்சிடும். கடைசியில அவர் ஒண்ணுமே பேசல."

"பேசினான்மா."

"பேசல, சார். செஞ்சவங்க அவருக்குக் கடைசிப் பேச்சே வைக்கல." அவள் தயங்கினாள். "மூளை அப்படி வெறுமையா விடாது. எதையாவது எடுத்து நிரப்பும். நிரப்பறதுக்கு அதுகிட்ட உங்க மனசுல இருந்தது மட்டுந்தான் இருந்திருக்கும்."

அஜய்பாண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். சாலமோன் மட்டும் திரும்பத் திரும்ப, "எங்கப்பனுக்கா? எங்கப்பனுக்கா சொல்லியிருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சம்யுக்தாவுக்கு மாமியார் சொன்ன பேச்சு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் மருமகளிடம் எத்தனையோ தரம் சொன்னது. பட்டாளத்துக்குப் போக வேண்டாம் என்று அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை. விடிகாலையில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். அவள் சோற்றைப் போசியில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். 'ஜன்னல்ல எக்கி எக்கிக் குடுக்கறன், அக்கட்ட திரும்பிக்கிட்டான். பஸ்சு போயிருச்சு. என்ற பையன் பசியோட போனான் சம்யு.' ஆஸ்பத்திரியில் நினைவு தடுமாறிய பிறகும் வருகிறவர்களிடமெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான். என்ற பையன் சாப்ட்டானா?

தரணிதரன் பாறையடியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்முணி."

"சொல்லுங்க."

"கடைசியில அம்மா என்ன கேட்டா?"

அவர் இதை ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டாங்க."

அவர் அழவில்லை. கடலைமிட்டாயில் ஊரும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தெந்த ஊருக்கோ போயி எவங்கம்மாவையோ தேடிட்டு இருந்தனே. சொல்ல வேண்டியவ ஊட்டுலயே இருந்திருக்கறா" என்றார்.

ரெஜினா அவர்கள் அருகே குந்தி உட்கார்ந்தாள். "இன்னிக்கு உங்களை வரச்சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வச்சதை எடுக்க முடியும். வலியில்ல, கொஞ்ச நேர வேலை. அதோ அந்தப் பழைய காவலறையிலதான் ஏற்பாடு. வேணுங்கறவங்களுக்கு மட்டும்."

"எடுத்தா?" சம்யுக்தா முந்திக்கொண்டாள்.

"மாசிலாமணி போயிடுவார். அவரைத் தேடினது, கனவுல வந்தது, எல்லாம் போயிடும்."

"இவுரு பேசுன அந்தப் பேச்சு? அது இவரோடதுதானுங்களே?"

"அதோட ஒட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கு. தனியாப் பிரிக்க முடியாது."

"போனாப் போகுது." சம்யுக்தா கணவரின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிங்க. போயி எடுத்துட்டு வாங்க. பொய்ய மண்டைக்குள்ள வெச்சாங்க, அத நாம எதுக்குச் செமக்கோணும்? எனக்கு என்ற ஊட்டுக்காரர் திரும்பி வந்தாப் போதும். நான் கட்டுனது உங்களைத்தான். அவரையும் சேத்தி இல்ல."

தரணிதரன் எழுந்தார். அவரை முந்திக்கொண்டு சாலமோன் நடந்தார். "நான் முதல்ல போறேன். ஒரு நிமிசங்கூட இதத் தாங்க முடியாது, தாயி. எல, இங்கனயே நில்லு, அப்பா வந்துருதேன்" என்று தாடிக்கார மகனிடம் சொல்லிவிட்டுக் காவலறைக்குள் போனார்.

காத்திருந்தார்கள். மகன்கள் மூவரும் ஊஞ்சல் மேட்டில் உட்கார்ந்து ஏதோ பேசினார்கள். தூரத்திலிருந்து பார்க்கச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைப் போலத் தெரிந்தார்கள்.

சாலமோன் வெளியே வந்தபோது வேறு ஆளாக இருந்தார். தோள் நிமிர்ந்திருந்தது. மலையைச் சுற்றிப் பார்த்துக் காற்றை இழுத்து விட்டார். "ஏயப்பா, என்னமா காத்து! நாங்க பயிற்சியில இருக்கையில இதெல்லாம் பொட்டக்காடுல்லா" என்று சிரித்தார். கையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்து, "யாரு வாங்குனா இத? எனக்கு மிட்டாயே ஆகாதே" என்று சம்யுக்தாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு லேசாகிவிட்டார் மனுசன். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

"அப்பா, சரியாயிட்டா?" தாடிக்காரன் ஓடி வந்தான்.

"எனக்கென்னல, கல்லு மாதிரி இருக்கேன். வா, போவோம்..." சாலமோன் மகனின் தோளில் கை போட்டார். கூப்பிட வாயெடுத்தவர் நின்றார். நெற்றியைத் தேய்த்தார். அவன் கழுத்தில் தொங்கிய பூங்காவின் வருகை அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"மாசிலாமணி," என்று எழுத்துக்கூட்டுவது போலச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. பழைய காலத்துப் பேருல்லா? உனக்கு யாருல வச்சா இத?"

தாடிக்காரன் தோளில் கிடந்த அப்பாவின் கையை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றான்.

"அடுத்து யாருங்க?" காவலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

தரணிதரன் ஓர் எட்டு வைத்தார். சம்யுக்தா அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"உக்காருங்க."

"நீதான அம்முணி..."

"நாந்தான் சொன்னேன். இப்ப உக்காருங்கன்னும் நாந்தான் சொல்றேன். சாப்டுட்டுப் பாத்துக்கலாம்."

கெடாப் பாறையின் நிழலில் அவள் போசியைத் திறந்தாள். தயிர்ச்சோறு, மாங்காய் ஊறுகாய். முதல் உருண்டையை அவர் கையில் வைத்தாள். அவர் அதை வாயில் வைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். மெதுவாக, யாரோ எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போல, முழுவதும் மென்று.

சம்யுக்தா எழுந்து ஊஞ்சல் மேட்டைப் பார்த்துக் கையைக் குவித்தாள். யார் யார் திரும்புவார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். சோறு எத்தனை பேருக்குக் காணும் என்றும் தெரியும். ஆனாலும் உரக்கவே கூப்பிட்டாள்.

"மாசிலாமணி! சாப்பிட வா!"

மேட்டில் இரண்டு பேர் எழுந்தார்கள். படியோரத்தில் நின்ற தாடிக்காரனும் திரும்பினான். அவன் கண் நிறைந்திருந்தது.

அவன் அப்பாவும் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சம்யுக்தாவிடம், ரொம்ப மரியாதையாக, கேட்டார்:

"யாரத் தாயி கூப்புடுதிய?"